நாலு கார்டும் மூன்று தும்மலும்

பம்பு கத்தியது முதலில், சுவிட்சை அணைத்தது அப்புறம். இதில் யாருக்கும் சண்டை இல்லை. எத்தனை நொடி அப்புறம் என்பதில்தான் ஒரு மனிதனின் வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது.

அந்த மனிதன் நம் கதாநாயகன் அல்ல, கதாநாயகனின் மச்சினன். கதாநாயகனுக்கு வீட்டில் ‘என்னங்க’ என்று பெயர். வேலை செய்கிற பம்புத் தொழிற்சாலையில் ‘மில்லி’. ஆளைத் தப்பாக நினைத்துவிட வேண்டாம், காப்பியைத் தவிர எதையும் தொடாதவர். ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கி, அதில் எந்தத் துண்டில் என்ன நடந்தது என்று சொல்கிறவர். அந்தத் துண்டுக்கு மில்லிசெகண்டு என்று பெயர். பாதியை விழுங்கிவிட்டு மீதியை அவருக்கு வைத்துவிட்டார்கள்.

வேலை இதுதான். தொழிற்சாலையில் செய்து முடித்த பெரிய பம்புகளைச் சோதனைக் கொட்டகையில் நிறுத்தி, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஓட விடுவார்கள். மில்லி அதன் உடம்பெல்லாம் சென்சார் ஒட்டி, வயர்களைக் கற்றையாகக் கட்டிக் கம்ப்யூட்டரில் இருக்கும் நாலு கார்டுகளுக்குக் கொண்டுபோவார். மின்சாரக் கார்டு மோட்டாரையும் சுவிட்சையும் கவனிக்கும். அதிர்வுக் கார்டு பம்பின் நடுக்கத்தை எழுதும். தண்ணிக் கார்டு குழாயில் ஓடும் நீரை அளக்கும். நாலாவதில் மைக் மாட்டியிருந்ததால் அதற்குக் காதுக் கார்டு என்று பெயர்.

நாலையும் நாலு வருடங்களில் நாலு மேலாளர்கள், எது மலிவோ அதைப் பார்த்து வாங்கிப் போட்டவை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சொந்தமாக ஒரு கடிகாரம். காலையில் நாலுக்கும் ஒரே நேரத்தைச் சொல்லிக்கொடுத்தாலும் சாயங்காலம் நாலும் நாலு நேரம் சொல்லும். பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு. ஆனால் அந்த ஒரு நொடிக்குள் அடி விழுமுன்பே அழுகை வந்ததாகப் பதிவாகிவிடும். ஒரு தடவை, மின்சாரம் வருமுன்பே பம்பு தண்ணீர் இறைத்ததாக அறிக்கை போய்விட்டது. வாங்குகிறவர் அதைப் படித்துவிட்டு, இதே மாடலில் நூறு வேண்டும் என்று எழுதியிருந்தார்.

இதற்கு மில்லி கண்டுபிடித்த வைத்தியம் ஒரு ரப்பர் சுத்தியல். நாலு கார்டின் வயர்களும் வந்து சேர்கிற இரும்பு மேசையில், காலை ஒன்பதுக்கு ஒரு தட்டு, மாலை ஐந்துக்கு ஒரு தட்டு. வயர் முனைகள் எல்லாமே கொஞ்சம் லூசு. தட்டினதும் குலுங்கும், நாலு கார்டின் கோட்டிலும் ஒரே சமயத்தில் ஒரு முள் எழும். காலை முள்ளையும் மாலை முள்ளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திவிட்டால், நடுவில் நடந்ததெல்லாம் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு முள் மட்டும் போதாது. இரண்டு பேர் ஒன்றாகக் கிளம்பினார்கள் என்று தெரிந்தால் மட்டும், யார் எவ்வளவு முந்திப் போனார் என்று தெரியாதல்லவா.

எல்லாக் கார்டும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிற மாதிரி ஒரு இணைப்பு வயர் வாங்கலாம் என்று மில்லி ஒன்பது வருடமாக எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார். மேலாளர் ஒன்பது வருடமும் ஒரே பதிலைச் சொன்னார். “உங்ககிட்டதான் சுத்தியல் இருக்கே, சரிதானே?” எதைச் சொன்னாலும் ‘சரிதானே’ என்று முடிப்பது அவர் வழக்கம். யாரும் சரியில்லை என்று சொன்னதாகப் பதிவு இல்லை, நாலு கார்டிலும்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மனைவி, மச்சினன், மில்லி என்று மூன்று பேருக்கு ஒரே குளியலறை. மூன்று பேரும் காலை எட்டரைக்குள் கிளம்ப வேண்டும். மனைவி இதை யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். தம்பியின் அறைக் கடிகாரத்தை நாற்பது நிமிடம் முன்னே தள்ளினாள், புருஷன் பார்க்கிற கூடத்துக் கடிகாரத்தை இருபது. சமையலறைக் கடிகாரம் மட்டும் உண்மை பேசும், அது அவளுக்கு. மூன்று பேரும் சரியாக ஆறரைக்குக் குளிக்கப் போவார்கள், யாரும் யாரோடும் மோதியதில்லை. ‘நேரம் பொருந்தலைன்னு ஆபீஸ்ல அழுறீங்களே, பொருந்தாம இருந்தாத்தான் குடும்பம் நடக்கும்’ என்பது அவள் சித்தாந்தம்.

மச்சினனுக்கு அந்தக் கொட்டகையில் சுவிட்சுப் பலகை வேலை. மில்லிதான் சேர்த்துவிட்டார். பம்பு விபரீதமாகச் சத்தம் போட்டால் இரண்டு நொடிக்குள் அணைக்க வேண்டும், வேலை மொத்தமே அவ்வளவுதான். எட்டு மணி நேரம் ஒன்றும் நடக்காமல் இருப்பதைக் காவல் காப்பது லேசான காரியமில்லை. அவன் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டான். ஏற்கெனவே ஒரு தடவை மாட்டி, எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தான். அதற்குப்பின் தூக்கத்தை விரட்ட ஒரு உபாயம் வைத்திருந்தான். கையில் கிரீஸ் டப்பாவோடு சுற்றி, அசைகிற பொருள் எது கண்ணில் பட்டாலும் தடவிவிடுவான். அந்தக் கொட்டகையில் கதவுகள் மூச்சுவிட்டாலே திறந்துகொள்ளும்.

வியாழக்கிழமை மாலை நாலு நாற்பத்தொன்றுக்கு ஒரு பம்பு கத்தியது. தண்ணீர் கசியாமல் அடைக்கிற வளையம், சீல் என்பார்கள், அது கருகிப் புகை வந்தது. எல்லோரும் ஓடினார்கள். யாரோ ஒரு புத்திசாலி மெயினையே இறக்கிவிட, கம்ப்யூட்டரும் கண்ணை மூடிக்கொண்டது. ஐந்து மணித் தட்டு விழவே இல்லை. ரப்பர் சுத்தியல் மேசையில் அப்படியே கிடந்தது.

மட்டமான சீல் என்று மேலாளர் உடனே முடிவுகட்டி, விற்ற கடைக்குக் கடிதம் போட்டுவிட்டார். பாக்கி இருந்தது ஒன்றுதான். கத்தினபிறகும் ஏன் ஓடவிட்டார்கள்? கார்டுகள் எழுதிவைத்ததைத் தாளில் எடுத்துப் பார்த்தார். காதுக் கார்டின்படி பம்பு கத்தியது 4:41:03.0. மின்சாரக் கார்டின்படி சுவிட்சு அணைந்தது 4:41:06.2.

“மூணு புள்ளி ரெண்டு செகண்டு,” என்றார் மேலாளர். “தூங்கியிருக்கான். திங்கக்கிழமை கூப்பிட்டுக் கணக்கை முடிச்சிடலாம், சரிதானே?”

“சார், அது ரெண்டும் வேற வேற கடிகாரம். சாயங்காலத் தட்டு இல்லாம ரெண்டையும் ஒப்பிட முடியாது.”

“அப்ப தட்டுங்க.”

“இப்ப தட்டினா இப்பத்தான் சார் முள் விழும்.”

மேலாளர் இதை நீண்ட நேரம் யோசித்தார். “திங்கக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன்,” என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் பாத்திரங்கள் பேசிக்கொண்ட அளவுக்கு மனிதர்கள் பேசவில்லை. மச்சினன்தான் ஆரம்பித்தான்.

“சத்தியமா தூங்கல அத்தான். கண்ணு மூடியிருந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா உள்ள முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“இதை மேலாளர்கிட்ட சொல்லாதே மாப்ளே.”

“அவன் தூங்கியிருந்தா நானே அவனை வெளிய தள்ளச் சொல்லுவேன்,” என்றாள் மனைவி. “ஆனா கணக்கைச் சரியாப் போட்டுட்டுத் தள்ளச் சொல்லுங்க. ஊர்ல உள்ள பம்புக்கெல்லாம் மில்லிசெகண்டு பாக்குறீங்க. என் தம்பிக்கு ஒரு செகண்டு பாக்க மாட்டீங்களா?”

“ரெண்டாவது முள் இல்லம்மா.”

“முள்ளு இல்லேன்னா வேற எதையாவது வச்சுப் பொருத்துங்க.”

“நாலு கார்டுலயும் சேர்ந்து விழணும். அப்படி வேற என்ன—”

இந்த இடத்தில் மில்லி தும்மினார்.

மில்லியின் தும்மல் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது எப்போதும் மூன்று. முதலாவது சின்னது. முக்கால் நொடி கழித்து இரண்டாவது, அதுவும் சின்னது. அதற்குப்பின் ஒரு நொடிக்குச் சற்று மேல் அமைதி, ஏமாந்தவர்கள் முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். பிறகு மூன்றாவது. அது இடுப்பில் புறப்பட்டு வருகிற தும்மல். கல்யாணமான புதிதில் மனைவி அதற்கு இரண்டு பூச்சாடி பறிகொடுத்திருக்கிறாள்.

இப்போது இரண்டாவது தும்மல் வந்ததும் மனைவி தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டாள், மச்சினன் தட்டைத் தூக்கிக்கொண்டான். மூன்றாவது வந்தது. மேசை அரை அங்குலம் நகர்ந்தது. செம்பும் தட்டும் கீழே இறங்கின. பழகிப்போன விஷயம்.

“நேத்து, இல்ல, இன்னைக்குத்தான்,” என்றான் மச்சினன், சோற்றைப் பிசைந்துகொண்டே. “பம்பு கத்துறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இதே மாதிரி தும்மினீங்க. அதுலதான் அத்தான் எனக்கு முழி— அதாவது, கண்ணைத் திறந்தேன்.”

மில்லி கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். நாலு நாற்பதுக்கு அதிர்வுச் சென்சார் ஒன்று மெழுகு விட்டுக் கழன்றது. அதை அழுத்தி ஒட்டப் போய், தண்ணீர் உள்ளே வருகிற குழாயருகில் குந்தினார். கால் எதன்மேல் இருந்தது? வயர்க் கற்றையின்மேல். அந்தக் கற்றையை ஒரு இழுப்பு இழுத்தால் நாலு முனையும் குலுங்கும்.

கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் எழுந்துபோய், அன்றைய பதிவுகளை நகலெடுத்து வந்திருந்த வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். தேட அதிக நேரம் ஆகவில்லை. நாலு கார்டிலும் இருந்தன, மூன்று மூன்று முட்கள். சின்னது, சின்னது, பெரியது. அதே முக்கால் நொடி, அதே ஒரு நொடிச் சொச்சம். கையெழுத்துக்கூட இவ்வளவு சுத்தமாக ஒருவரிடமிருந்து வராது.

பெரிய முள், காதுக் கார்டில் 4:40:58.4. மின்சாரக் கார்டில் 4:41:00.4. ஆக, மின்சாரக் கார்டு இரண்டு நொடி முன்னே ஓடியிருக்கிறது. அது 06.2 என்று சொன்ன அணைப்பு உண்மையில் 04.2. பம்பு கத்தி ஒன்று புள்ளி இரண்டு நொடியில் மச்சினன் அணைத்துவிட்டான்.

“மாப்ளே, நீ முழிச்சுட்டுத்தான் இருந்திருக்கே,” என்று மில்லி கூவினார்.

“நான்தான் சொன்னேனே,” என்றான் மச்சினன். அவன் குரலிலும் ஆச்சரியம் இருந்தது.

மனைவி தம்பிக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். புருஷனுக்கும் போட்டாள், அது அந்த வாரத்தில் முதல் தடவை. எல்லாம் சுபமாக முடிந்திருக்கும், மில்லி அத்தோடு மூடிவைத்திருந்தால். ஆனால் நாலு கார்டையும் பொருத்திப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. தண்ணிக் கார்டையும் எடுத்துப் பொருத்தினார்.

பெரிய முள். அதிலிருந்து புள்ளி ஒன்று நொடி கழித்து, குழாயில் தண்ணீர் நின்றிருக்கிறது. சுத்தமாக, பூஜ்ஜியம்.

பம்புக்குத் தண்ணீர் வருகிற வால்வு, கால்வட்டம் திருப்பினாலே மூடுகிற நீளக் கைப்பிடி வைத்தது. குந்தினால் சரியாக இடுப்புயரத்தில் இருக்கும். அன்று காலைதான் மச்சினன் அதற்கு வஞ்சனையில்லாமல் கிரீஸ் போட்டிருந்தான். அது மூடிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அணைத்தபிறகு மச்சினன் மூடியிருப்பான் என்று மேலாளர் நினைத்தார். அத்தான் மூடியிருப்பார் என்று மச்சினன் நினைத்தான். அத்தானுக்கு இப்போதுதான் தெரிந்தது, அத்தான்தான் மூடியிருக்கிறார், இடுப்பால். அதன்பின் நாலரை நொடி பம்பு வெறும் வாயை மென்று, சீல் கருகிக் கத்தியிருக்கிறது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மில்லிக்கு மூக்கு.

மனைவியிடம் சொன்னார். அவள் சோற்றைத் திரும்ப எடுக்கவில்லை, அதுவே பெரிது.

“நாலு கார்டுல மூணைக் காட்டினா போதாதா?”

“பத்தொன்பது வருஷமா ஒரு கோட்டைக்கூட மறைச்சதில்லம்மா.”

“பொய் சொல்லச் சொல்லல. கேக்காததைச் சொல்லாதீங்கன்றேன். கிரீஸ் போட்டதுக்கு அவனும் போயி, தும்மினதுக்கு நீங்களும் போனா, ரெண்டு பேரும் காலைல எந்திரிக்கவே மாட்டீங்க. அப்புறம் கடிகாரத்தையெல்லாம் நான் யாருக்காகத் தள்ளி வைக்கிறது?”

திங்கட்கிழமை மில்லி மூன்று தாள்களோடு மேலாளர் முன்னால் நின்றார். தண்ணிக் கார்டின் தாள் நாலாக மடித்துச் சட்டைப்பையில் இருந்தது. அதை வீட்டில் வைத்துவிட்டு வர மூன்று தடவை முயன்று, மூன்று தடவையும் வாசலிலிருந்து திரும்பிப் போய் எடுத்துக்கொண்டார்.

முட்களையும் தும்மலையும் மேலாளர் பொறுமையாகக் கேட்டார்.

“ஒண்ணு புள்ளி ரெண்டு செகண்டுல அணைச்சிட்டான்னா, சீல் ஏன் அவ்வளவு கருகிச்சு?”

“கத்துறதுக்கு முன்னாடியே காய ஆரம்பிச்சிருக்கும் சார்.”

“ஏன் காஞ்சுது?”

மில்லி கூரையைப் பார்த்தார். கூரை உதவவில்லை.

“எனக்கென்னவோ, உங்க மச்சினனைக் காப்பாத்த எங்கேயோ கிடந்த மூணு முள்ளைப் பொறுக்கிட்டு வந்து தும்மல்ங்கிற மாதிரி தெரியுது. தும்மிக் காட்டுங்க. அதே முள் வந்தா நம்புறேன், சரிதானே?”

கொட்டகையில் ஒரு பழைய பம்பைப் பூட்டி ஓடவிட்டார்கள், போனால் போகட்டும் என்று. மச்சினன் சுவிட்சுப் பலகையில் நின்றான். மில்லி குழாயிலிருந்து நாலடி தள்ளிக் குந்தினார்.

“அன்னைக்கு அங்கேயா உக்காந்தீங்க?” என்றார் மேலாளர்.

“ஏறக்குறைய சார்.”

“செகண்டை ஆயிரமா வெட்டுறவர் ‘ஏறக்குறைய’ன்னு சொல்லலாமா? அன்னைக்கு எப்படியோ அப்படியே உக்காருங்க.”

மில்லி நகர்ந்து உட்கார்ந்தார். கால் வயர்க் கற்றையின்மேல், இடுப்புக்குப் பக்கத்தில் கைப்பிடி. கேன்டீனிலிருந்து மிளகுப்பொடி வந்தது. மில்லி முகர்ந்தார். ஒன்றும் வரவில்லை. வேண்டாதபோது வீட்டை நகர்த்துகிற தும்மல், வேலை கொடுத்தால் வர மறுத்தது. கொஞ்சம் குனிந்து பார்த்த மேலாளருக்குத்தான் வந்தது, ஒரே ஒரு தும்மல். காதுக் கார்டு மட்டும் மரியாதைக்கு அதைக் குறித்துக்கொண்டது. மற்ற மூன்றும் கண்டுகொள்ளவில்லை.

“பாத்தீங்களா சார், கற்றை மேல கால் இல்லேன்னா முள் விழாது,” என்று மில்லி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூக்கு சிவந்தது.

சின்னது.

சின்னது.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருக்கிற ஒரு நொடியில் மில்லி இடுப்பை எக்கிக்கொள்ள முயன்றதை எல்லோரும் பார்த்தார்கள். அதனால்தான் அடி இன்னும் பலமாக விழுந்தது. கைப்பிடி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திரும்பி மூடிக்கொண்டது. திரையில் தண்ணிக் கார்டின் கோடு தொபுக்கென்று தரைக்கு வந்தது. நாலரை நொடி போயிற்று. பம்பு கத்தியது. மச்சினன் அணைத்தான், பெயருக்கேற்ற சுவிட்சுக்காரனாக. சீலிலிருந்து ஒல்லியாகப் புகை எழுந்தது.

மேலாளர் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு மில்லியின் இடுப்பை. பிறகு மறுபடி கைப்பிடியை.

“அன்னைக்கும் இப்படித்தானா?”

மில்லி சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். “அன்னைக்கு தண்ணி நிக்கப் புள்ளி ஒண்ணு செகண்டு லேட்டு சார்,” என்றார்.

சீல் விற்ற கடைக்கு இன்னொரு கடிதம் போயிற்று, முதல் கடிதத்தை மறந்துவிடச் சொல்லி. மச்சினன்மேல் இருந்த குற்றச்சாட்டு விலகியது. கைப்பிடிக்கு ஒரு தகரக் கூண்டு வந்தது. மில்லியை வீட்டுக்கு அனுப்பத்தான் மேலாளர் முதலில் நினைத்தார். ஆனால் இந்த நாலு கடிகாரத்தையும் வைத்து யார் மாரடிப்பது என்று யோசித்தபோது, வேறு ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை. எனவே எச்சரிக்கைக் கடிதத்தோடு நின்றது. ‘வியாழக்கிழமை மாலை 4:41:00.4 மணிக்குத் தாங்கள் கவனக்குறைவாகத் தும்மியதால்’ என்று அது ஆரம்பித்தது. கீழே மில்லி கையெழுத்துப் போட வேண்டும், சாட்சியாகச் சுவிட்சுக்காரர்.

மில்லி பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போடாமல், நேரத்தை அடித்து 4:40:58.4 என்று எழுதினார்.

“எதுக்கு அடிக்கிறீங்க?”

“அது மின்சாரக் கார்டு நேரம் சார். ரெண்டு செகண்டு முன்னாடி ஓடுது.”

“சரி, அப்ப நீங்க எழுதினதுதான் உண்மையான நேரமா?”

“அது காதுக் கார்டு நேரம். அது எவ்வளவு தப்புன்னு தெரியாது.”

“அப்ப நீங்க எத்தனை மணிக்குத்தான் தும்மினீங்க?”

“அதுக்குத்தான் சார் ஒன்பது வருஷமா ஒரு வயர் கேட்டுட்டிருக்கேன்.”

மேலாளர் பேனாவை வாங்கினார். மணி, நிமிடம், நொடி எல்லாவற்றையும் அடித்துவிட்டு ‘சாயங்காலம்’ என்று எழுதினார். இழுப்பறையைத் திறந்து, ஒன்பது விண்ணப்பங்களில் மேலாக இருந்ததை எடுத்து அதிலும் கையெழுத்துப் போட்டார். சரிதானே என்று கேட்கவில்லை.

வயர் வந்தபோது தெரிந்தது, மூன்று கார்டில்தான் அதைச் செருக ஓட்டை இருக்கிறது. இருப்பதிலேயே பழைய மின்சாரக் கார்டில் இல்லை. ரப்பர் சுத்தியல் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

அது பிந்திய விஷயம். அன்றைக்கு ‘சாயங்காலம்’ என்பதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் மில்லி கையெழுத்துப் போட்டுவிட்டு, சாட்சிக் கையெழுத்துக்காகத் தாளைப் பின்பக்கம் நீட்டினார். யாரும் வாங்கவில்லை. திரும்பிப் பார்த்தார். மச்சினன் கதவில் சாய்ந்து, கையில் கிரீஸ் டப்பாவோடு, கண்ணை மூடி நின்றிருந்தான். மேலாளரும் பார்த்தார்.

மில்லிக்கு வேறு வழி தெரியவில்லை. மேலாளர் மேசையில் மீந்திருந்த மிளகுப்பொடிப் பொட்டலத்தை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். மேலாளர் மேசைமேல் இருந்த கண்ணாடி டம்ளரை அவசரமாகப் பிடித்துக்கொண்டார்.